'வளரவில்லை' என்று எழுதிய கை

"நோய்க்கிருமி எதுவும் வளரவில்லை." என் கையெழுத்தோடு வெளியே போன முதல் சில அறிக்கைகளில் ஒன்றில் இருந்தது இந்த ஒற்றை வரிதான். நோயாளி நான்கு வயதுக் குழந்தை; இரத்தமும் சளியுமாகப் போய்க்கொண்டிருந்தது. மல மாதிரியை முந்தின நாள் மாலை எடுத்திருந்தார்கள். இரவு முழுவதும் வார்டில் ஏதோ ஒரு மேசையில் கிடந்துவிட்டு, மறுநாள் காலை பத்து மணிக்கு என்னிடம் வந்து சேர்ந்தது. கிருமி வளர்க்கும் உணவு ஊற்றிய தட்டுகளில் அதை முறைப்படி கோடிழுத்தேன். முறைப்படி இன்குபேட்டரில் வைத்தேன். இரண்டு நாள் முறைப்படி பார்த்துவிட்டு, முறைப்படி கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த நாள் குழந்தை மருத்துவர் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். கையில் அப்போதுதான் எடுத்த ஸ்வாப், அதாவது மாதிரி தொட்டெடுத்த பஞ்சுக் குச்சி. "இதை என் கண்முன்னாலேயே போடுங்கள்" என்றார். போட்டேன். மறுநாள் காலை, குடல் கிருமிகளை நிறத்தால் பிரித்துக் காட்டும் எக்ஸ்எல்டி தட்டு முழுக்கச் சிவப்புக் காலனிகள். நடுவில் கறுப்புப் பொட்டு இல்லாதவை. ஷிகெல்லா, இரத்த வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பாக்டீரியா. என் அறிக்கையை நம்பி அவர் நிறுத்தியிருந்த மருந்தை மறுபடி தொடங்கினார். குழந்தை பிழைத்துக்கொண்டது.

"மாதிரி பழையது என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அன்றைக்கே வேறு அனுப்பியிருப்பேனே. நீங்கள் இல்லை என்றல்லவா எழுதிவிட்டீர்கள்" என்றார் அவர். நான் எழுதியது 'வளரவில்லை', 'இல்லை' என்று எழுதவில்லை என்ற பதில் வாய்வரை வந்தது. நல்லவேளையாக விழுங்கிவிட்டேன். படிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். குடலைத் தாக்கும் பாக்டீரியாக்களைப் பற்றிப் பாடம் எடுத்தும் ஆராய்ந்தும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிவிட்டேன். அதில் பாதி, இந்த இரண்டு சொற்களுக்கு இடையில் கிடந்து தடுமாறியதுதான்.

ஷிகெல்லா ஒரு விநோதப் பிறவி. இரைப்பையின் அமிலத்தைத் தாண்டிக் குடலுக்குப் போய்ச் சேரத் தெரிந்த கிருமி, மாதிரி பாட்டிலுக்குள் மற்ற பாக்டீரியாக்கள் மெல்லக் கிளப்பும் புளிப்பில் சில மணி நேரத்திலேயே செத்துவிடுகிறது. எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் தட்டில் ஏற வேண்டும். முடியாதென்றால் ஸ்வாப்பை, வழியில் கிருமியை உயிரோடு வைத்திருக்கும் கேரி-பிளேர் ஊடகத்தில் செருகிக் குளிரில் வைக்க வேண்டும். சளியோ இரத்தமோ தெரிகிற இடத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன்பே எடுத்துவிட்டால் உத்தமம். இதெல்லாம் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. நானும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான். எழுதியது தேர்வுத்தாளிலேயே தங்கிவிட்டது.

அதன்பின் எங்கள் அறிக்கையில் மூன்று விவரங்கள் கூடின: மாதிரி எடுத்த நேரம், வந்த நேரம், வந்தபோது இருந்த நிலை. அதோடு, திருப்பி அனுப்பவும் கற்றுக்கொண்டேன். உருத்திரண்ட மலத்தில் வயிற்றுப்போக்குக் கிருமியைத் தேடச் சொன்னால் திருப்பி அனுப்புவேன். மருத்துவமனையில் சேர்ந்து மூன்று நாள் கழித்துத் தொடங்கிய வயிற்றுப்போக்குக்கு சால்மோனெல்லாவும் ஷிகெல்லாவும் தேடச் சொன்னால், முதலில் மருத்துவமனைகளில் அதிகம் தொற்றும் கிளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசிலைத் தேடலாமா என்று தொலைபேசியில் கேட்பேன். முதலில் சிடுசிடுத்தார்கள். "ஆய்வகத்தில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்கு மருத்துவம் சொல்லித் தருகிறீர்களா?" என்று ஒருவர் கேட்டார். ஓராண்டில் அவரே கூப்பிட்டு, என்ன அனுப்பட்டும் என்று கேட்க ஆரம்பித்தார்.

இந்த இடத்தில் என் சொந்த நோயையும் சொல்லிவிடுகிறேன். ஷிகெல்லா நோய் தொற்றுவதற்குப் பத்திலிருந்து நூறு கிருமிகள் போதும் என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். யோசிக்கும்போது பேனாவைக் கடிக்கும் பழக்கமும் எனக்கு இருந்தது. இரண்டும் ஒருநாள் சந்தித்துக்கொண்டன. ஐந்து நாள் படுக்கை. என் மாதிரியை என் மாணவர்களே தட்டில் போட்டு, எங்கள் சேகரிப்பில் இருந்த அதே வகை என்று உறுதிசெய்து, கொஞ்சம் அதிகமான உற்சாகத்தோடு எனக்குத் தெரிவித்தார்கள். ஆய்வு மேசைப் பேனா மேசையோடு ஒரு நூலில் கட்டப்பட்டது அதற்குப் பிறகுதான்.

வயிற்றுப்போக்கை உண்டாக்கும் இன்னொரு பாக்டீரியாவான கேம்பிலோபேக்டர் விஷயத்தில் நாங்கள் பல ஆண்டுகள் குருடர்களாக இருந்தோம். எங்கள் பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஆண்டு முழுக்கப் பூஜ்யம். எங்கள் நோயாளிகளுக்கு அது வருவதில்லை போலிருக்கிறது என்று ஒரு கூட்டத்தில் நானே பேசியிருக்கிறேன். அந்தக் கிருமிக்கு நாம் சுவாசிக்கும் காற்றே ஆகாது. ஆக்சிஜன் ஐந்து சதவீதம் போல, கார்பன் டை ஆக்சைடு பத்து சதவீதம் போல இருக்க வேண்டும். 42 டிகிரி வெப்பத்தில்தான் அதற்குச் செழிப்பு. பறவைக் குடலின் சூட்டுக்குப் பழகியது அல்லவா. நாங்களோ மெழுகுவர்த்தி ஏற்றி மூடிய ஜாடியில் 37 டிகிரியில் வைத்துவிட்டு, மறுநாளே தட்டைக் கழுவப் போட்டுக்கொண்டிருந்தோம். மெழுகுவர்த்தி அணைந்த பிறகும் ஜாடியில் ஆக்சிஜன் ஏராளமாக மிஞ்சியிருக்கும். ஜாடிக்குள் ஆக்சிஜனைக் குறைக்கும் வாயு உறைகள் வாங்கி, வெப்பத்தை ஏற்றி, 48 மணி நேரம் பொறுத்த பிறகு, ஒரு மாதத்துக்குள் பதிவேட்டின் பூஜ்யங்கள் மாறின. நுண்ணோக்கியில் முதன்முதலாக அந்தச் சிறகு விரித்த கடற்காக வடிவத்தைப் பார்த்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில்தான், முந்தைய ஆண்டுகளில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பியவர்களின் நினைவு வந்தது.

உலகமே இதே தவறைச் செய்திருக்கிறது என்பது ஓரளவு ஆறுதல். தியோடர் எஷெரிக் 1886லேயே வயிற்றுப்போக்கில் இறந்த குழந்தைகளின் குடலில் சுருள் வடிவக் கிருமிகளைக் கண்டு எழுதிவைத்தார். வளர்க்க முடியவில்லை, எனவே மறந்துபோனார்கள். 1970களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் மலக் கரைசலை மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்து இதைப் பிரித்தெடுத்தார்கள். 1977இல் இங்கிலாந்தில் மார்ட்டின் ஸ்கிரோ ஆன்டிபயாடிக் கலந்த ஊடகத்தில் அதை எளிதாக்கினார். வயிற்றுப்போக்கு வந்த 803 பேரில் 57 பேரிடம் கேம்பிலோபேக்டர். வயிற்றுப்போக்கு இல்லாத 194 பேரில் ஒருவரிடமும் இல்லை. எஷெரிக் கண்டதிலிருந்து அதுவரை தொண்ணூறு ஆண்டுகள். இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபேக்டர் கதையும் இதற்குத் தங்கைதான். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இரண்டு நாளில் எதுவும் முளைக்கவில்லை என்று தட்டுகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். 1982இல் ஈஸ்டர் விடுமுறை வந்ததால் சில தட்டுகள் ஐந்து நாள் இன்குபேட்டரிலேயே தங்கிவிட்டன. அவற்றில் அது வளர்ந்திருந்தது. 2005இல் அதைக் கண்டுபிடித்த வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இதை வகுப்பில் சொன்னால், "அப்படியென்றால் விடுமுறை எடுப்பது நல்லது" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் ஆண்டு தவறாமல் வரும்.

இனி, நான் சொல்லக் கூச்சப்படும் கதை.

ஷிகெல்லா குடல் செல்லுக்குள் நுழைவதில் ஒரு மரபணுவின் பங்கு என்ன என்பது என் மாணவி ஒருத்தியின் முனைவர் பட்ட ஆய்வு. சோதனை சிக்கலானதன்று. வளர்ப்புச் செல்களின் மேல் பாக்டீரியாவை ஊற்ற வேண்டும்; கொஞ்ச நேரம் கழித்து ஜென்டமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைச் சேர்க்க வேண்டும். அந்த மருந்து செல்லுக்குள் எளிதில் போகாது என்பதால் வெளியே இருப்பவை சாகும், உள்ளே நுழைந்தவை தப்பிக்கும். பிறகு செல்களை உடைத்து, தப்பித்தவற்றை எண்ண வேண்டும். மரபணு நீக்கிய வகை நுழையாது என்று எதிர்பார்த்தோம். நுழையவில்லை. ஆனால் இயல்பான வகையும் நுழையவில்லை.

"மேடம், மூல வகையே உள்ளே போகவில்லை" என்றாள். ஜென்டமைசின் அளவு கூடியிருக்கும், பார் என்றேன். பார்த்தாள். செல்கள் பழசாகியிருக்கும், மாற்று என்றேன். மாற்றினாள். கை பழகவில்லை, நின்று நிதானமாகச் செய் என்றேன். மூன்றாம் மாதத்தில் அவள் என்னிடம் பேசுவது குறைந்தது. ஐந்தாம் மாதத்தில் நான் அவளுக்கு இந்தத் துறை சரிப்படுமா என்று சக பேராசிரியர் ஒருவரிடம் பேசினேன். எட்டாம் மாதத்தில் ஒருநாள் காலை, என் மேசைமேல் மூடிய தட்டு ஒன்று இருந்தது. சீட்டு எதுவும் இல்லை. காங்கோ ரெட் சாயம் கலந்த அகார், அதாவது கிருமி வளர்க்கும் கூழ். நோய் உண்டாக்கும் ஷிகெல்லா அந்தச் சாயத்தை உறிஞ்சிச் சிவப்பாக வளரும். தட்டு முழுக்க வெள்ளை வெளேரென்று காலனிகள். ஓரமாக, எண்ணிப் பார்த்தால் இரண்டே இரண்டு சிவப்புப் பொட்டுகள்.

செல்லுக்குள் நுழையும் கருவியை உருவாக்கும் மரபணுக்களை ஷிகெல்லா ஒரு பெரிய பிளாஸ்மிட்டில், அதாவது தனியாக இருக்கும் ஒரு டிஎன்ஏ வளையத்தில், வைத்திருக்கிறது. ஆய்வகத்து உணவில் வளரும்போது அது வெறும் சுமை. அதைத் தூக்கி எறிந்த கிருமிகள் வேகமாகப் பெருகி, எறியாதவற்றை ஓரங்கட்டிவிடும். நான் அந்த வகையை ஆண்டுக்கணக்கில் ஒரு சாய்வு அகாரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி வளர்த்துவந்தேன். வகுப்புக்கும் அதுதான், ஆய்வுக்கும் அதுதான். அவளுக்கு நான் கொடுத்தது ஷிகெல்லாவின் பெயர்ப்பலகை மாட்டிய வெறும் வீடு. அழகாக வளர்ந்தது, எல்லா உயிர்வேதிச் சோதனையிலும் ஷிகெல்லா என்றே சொன்னது. நோய்தான் அதனிடம் இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். அவள் "பரவாயில்லை மேடம்" என்றாள். அந்தப் பரவாயில்லையை நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. வேறொரு ஆய்வகத்தின் மூலச் சேகரிப்பிலிருந்து புதிதாக வாங்கி, முதல் வளர்ப்பிலேயே சிவப்புக் காலனிகளை மட்டும் பொறுக்கி, இருபது சதவீத கிளிசராலில் சிறு குழாய்களாகப் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் அவளே அடுக்கினாள். ஒவ்வொரு சோதனைக்கும் உறைந்த குழாயிலிருந்து நேராகக் காங்கோ ரெட் தட்டு. சிவப்புக் காலனி ஒன்றை எடுத்து வேலை. மிச்சத்தைக் கொல்ல வேண்டும், திரும்பச் சேமிக்கக் கூடாது. புதிதாகச் சேரும் எவருக்கும் நான் முதல் வாரம் சொல்லித்தருவது இதைத்தான். ஒரு சோதனையில் மூல வகையே தவறான விடை தந்தால், செய்தவரின் கையைச் சந்தேகிக்கும் முன் மூல வகையைச் சந்தேகிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்த இரண்டாவதைக் கற்றுக்கொள்ள எனக்கு அவளுடைய எட்டு மாதங்கள் செலவாயின.

பாடம் எடுப்பதில் காலராவை எப்போதும் கல்கத்தா ஆய்வாளர் சம்பு நாத் டேயிலிருந்துதான் தொடங்குவேன். காலராக் கிருமி ஒரு நஞ்சை உண்டாக்க வேண்டும் என்று ஜெர்மானிய நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக் 1884லேயே ஊகித்தார். பின்னால் வந்தவர்கள் அதை விலங்குகளின் உடலுக்குள் ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். தெளிவான விடை கிடைக்கவில்லை. கல்கத்தாவில் டே, குடல் நோயைக் குடலுக்குள்ளேயே தேடினார். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு பக்கமும் கட்டி, அதற்குள் கிருமியைச் செலுத்தினார். அந்தத் துண்டு நீர் கோத்து வீங்கியது. அது 1953. ஆறு ஆண்டு கழித்து, கிருமியே இல்லாத வடிநீரை மட்டும் செலுத்தியும் அதே வீக்கத்தைக் காட்டினார். பெரிய கருவி எதுவும் இல்லை. நூலும் முயலும் சரியான கேள்வியும்தான். அவருக்குப் பெரிய விருதுகள் எதுவும் வந்து சேரவில்லை என்பதையும் மாணவர்களிடம் மறைப்பதில்லை.

அங்கிருந்து உப்புச் சர்க்கரைக் கரைசலுக்குப் போவது ஒரே எட்டு. அந்த நஞ்சு குளோரைடையும் நீரையும் வெளியே தள்ளுகிறது. ஆனால் குளுகோஸையும் சோடியத்தையும் சேர்த்து உள்ளே இழுக்கும் வாசலைத் தொடுவதில்லை. அந்த வாசல் வழியாகத்தான் நீரைத் திரும்ப உள்ளே கொண்டுபோகிறோம். 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையோர அகதி முகாமில் நரம்பு வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மஹலானபிஸ் இந்தக் கரைசலை உறவினர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். முப்பது சதவீதம் வரை இருந்த இறப்பு நான்கு சதவீதத்துக்கும் கீழே வந்தது. எங்கள் துறைக்காரர்களுக்கு இது கொஞ்சம் கசப்பு மருந்து: அத்தனை உயிரைக் காத்ததில் வளர்ப்புத் தட்டுக்குப் பங்கே இல்லை. தட்டின் விடைக்காக நீர் கொடுப்பதைத் தாமதிக்காதீர்கள் என்று மருத்துவ மாணவர்களிடம் நானே, நுண்ணுயிரியல் பேராசிரியர், ஆண்டுதோறும் சொல்லி வருகிறேன்.

தட்டின் விடை அவசரமாகத் தேவைப்படும் நேரமும் உண்டு. ஷிகா நஞ்சு சுரக்கும் ஈ.கோலை அப்படிப்பட்டது. இரத்த வயிற்றுப்போக்கு வந்தவுடன் ஆன்டிபயாடிக் கொடுக்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் அந்த நஞ்சின் மரபணு கிருமிக்குள் உறங்கும் ஒரு வைரஸில் இருக்கிறது. சில மருந்துகள் அதைத் தட்டி எழுப்பி நஞ்சைக் கூட்டிவிடும். சிறுநீரகம் பழுதாகும் ஆபத்து ஏறும். அப்படிப்பட்ட விடையைக் காகிதத்தில் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. தொலைபேசியில் சொல்லி, கேட்டவரைத் திரும்பச் சொல்ல வைத்து, அவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதிலும் என் பழைய வில்லங்கம் இருக்கிறது. இந்த ஈ.கோலையின் ஓ157 வகை சார்பிடால் சர்க்கரையை உடனே புளிக்க வைக்காது. எனவே சார்பிடால் கலந்த தட்டில் நிறமற்ற காலனியாகக் காட்டிக்கொடுத்துவிடும். பல ஆய்வகங்கள் அதை மட்டுமே நம்பியிருந்தன. 2011இல் ஜெர்மனியில் முளைகட்டிய விதைகள் மூலம் பரவிய ஓ104 வகைக்குச் சார்பிடால் ஒரு பொருட்டே இல்லை. அந்தத் தட்டில் சாதாரண ஈ.கோலை மாதிரியே வளர்ந்தது. 3,800 பேருக்கு மேல் நோயுற்றார்கள், 50 பேருக்கு மேல் இறந்தார்கள். செய்தி வந்த வாரமே எங்கள் ஆய்வகத்தில் நஞ்சையே நேரடியாகத் தேடும் சோதனையைத் தொடங்க மனுப் போட்டேன். மனு நகர்ந்த வேகத்தைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

இப்போது, கிருமியை வளர்க்காமல் அதன் மரபணுவைத் தேடும் பிசிஆர் பெட்டி வந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் இருபது கிருமிகளின் பெயரைச் சொல்கிறது. நல்ல கருவிதான், ஆனால் செத்த கிருமியையும் சொல்லும், சும்மா தங்கியிருக்கும் கிருமியையும் சொல்லும். மூன்று பெயர்களோடு வந்த அறிக்கையைக் காட்டி, "இதில் எது குற்றவாளி?" என்று மருத்துவர்கள் கேட்கிறார்கள். எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பது உயிருள்ள கிருமி கையில் இருந்தால்தான் முழுதாகத் தெரியும். அதனால் பெட்டி 'உண்டு' என்று சொன்ன மாதிரியை உடனே தட்டிலும் போடச் சொல்கிறேன். இளையவர்களுக்கு இது பழைய ஆளின் பிடிவாதமாகத் தெரிகிறது. தெரியட்டும்.

செய்முறைத் தேர்வை நான் பிற்காலத்தில் மாற்றினேன். முன்பெல்லாம் ஆளுக்கொரு குழாய் கொடுத்து உள்ளே இருக்கும் நோய்க்கிருமியைக் கண்டுபிடிக்கச் சொல்வோம். ஒரு முறை பன்னிரண்டு குழாய்களில் மூன்றில் நோய்க்கிருமி எதையும் சேர்க்காமல், சாதாரணக் குடல் பாக்டீரியாக்களை மட்டும் வைத்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்த மூன்று பேரில் இருவர் சால்மோனெல்லாவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எக்ஸ்எல்டியில் சால்மோனெல்லாவைப் போலவே நடுக்கறுப்பாக வரும் புரோடியஸ் என்ற சாதாரணக் குடல் பாக்டீரியாவைப் பார்த்து, இரண்டையும் பிரித்துக் காட்டும் யூரியேஸ் சோதனை செய்யாமலே எழுதிவிட்டிருந்தார்கள். மூன்றாமவன் மட்டும் இப்படி எழுதியிருந்தான்: "சால்மோனெல்லா, ஷிகெல்லா, விப்ரியோ கிடைக்கவில்லை. கேம்பிலோபேக்டர் தட்டைத் தேர்வு நேரம் காரணமாக 24 மணி நேரம்தான் வைக்க முடிந்தது. அதைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது." வெளியிலிருந்து வந்த தேர்வாளர் விடை முழுமையாக இல்லை என்று பாதி மதிப்பெண் போட்டார். அன்று மாலை தேநீர் ஆறும்வரை அவரோடு வாதாடி முழு மதிப்பெண் வாங்கிக் கொடுத்தேன்.

ஓய்வுபெறும் வாரத்தில் மைனஸ் 80 பெட்டியை ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. தடித்த கையுறையோடு ஒவ்வொரு அடுக்காக இழுத்து, உறைபனியைச் சுரண்டி, பெயர் பார்த்து, வைப்பதா எறிவதா என்று முடிவு செய்யும் வேலை. மூன்றாவது அடுக்கின் அடியில் ஒரு பெட்டி. மூடியில் அந்த மாணவியின் கையெழுத்து, பென்சிலில். மையைவிடப் பென்சில்தான் குளிரில் நிற்கும் என்று நான் சொல்லித்தந்தது. ஷிகெல்லா, வகை எண், தேதி, "முதல் வளர்ப்பு, சிவப்பு மட்டும்". அதற்குக் கீழே சிறிய எழுத்தில், "மேடம், இதை நீங்கள் தொட வேண்டாம்."

இத்தனை ஆண்டுகளில் நான் அதைப் பார்த்ததே இல்லை. பக்கத்தில் நின்ற இளைய பேராசிரியர் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தார். பெட்டியை அவர் கையிலேயே கொடுத்து, இருந்த இடத்தில் வைக்கச் சொன்னேன்.